குழாய் மேல் பறக்கும் ட்ரோன் எதை எண்ணுகிறது?

கேள்வி: இராமநாதபுரம் பக்கம் எங்கள் புஞ்சையின் நடுவே எரிவாயுக் குழாய் போகிறது. போன மாதம் அதன் மேல் ஒரு ட்ரோன் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. கேட்டால், பாதுகாப்பு விதிப்படி படம் எடுக்கிறோம் என்றார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் குழாய் வானத்திலிருந்து எப்படித் தெரியும்? குழாயைப் பார்க்கிறார்களா, எங்களைப் பார்க்கிறார்களா? நாளைக்கு இந்தப் படத்தை வைத்து எங்கள் மேல் ஏதாவது நடவடிக்கை வருமா?

பதில்:

உங்களைத்தான் பார்க்கிறார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. இப்படிப்பட்ட படங்களைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு கூரை எண்ணுவது பல ஆண்டுகளாக என் பிழைப்பு. வால்வு நிலையத்தில் தலைகாட்டும் துண்டு, ஓடையைக் கடக்கையில் வெளியே வரும் துண்டு, இவை தவிர நான் எந்தப் படத்திலும் குழாயைப் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் மண். அந்த மண்ணின் மேல் யார் குடியேறினார்கள், யார் தோண்டினார்கள், எது கருகியது என்பதைத்தான் படத்தில் தேடுகிறோம்.

இதற்குக் காரணம் விதியிலேயே இருக்கிறது. எரிவாயுக் குழாய் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் ஓட வேண்டும் என்பதை அதைச் சுற்றிக் குடியிருப்பவர்களின் எண்ணிக்கைதான் முடிவு செய்கிறது. குழாயின் மையக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 200 மீட்டர், நீளவாக்கில் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். இந்தப் பட்டைக்குள் ஆள் குடியிருக்கும் கட்டடங்கள் பத்து அல்லது அதற்குக் கீழே இருந்தால் முதல் வகுப்பு. பதினொன்றிலிருந்து 45 வரை இரண்டாம் வகுப்பு. 46 ஆகிவிட்டால் மூன்றாம் வகுப்பு. நான்கு அடுக்கோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களே பெரும்பான்மையாக இருக்கும் நகரப் பகுதி நான்காம் வகுப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி விதியும், பி31.8 என்ற அமெரிக்கப் பொறியியல் தரநிலையும் சொல்லும் கணக்கு இது. நம் நாட்டில் பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2009இல் கொண்டுவந்த தொழில்நுட்ப விதிகளும் இந்தத் தரநிலையைப் பின்பற்றி வந்தவைதான்.

வகுப்பு ஏறினால் என்ன ஆகும்? எஃகு தாங்கக்கூடிய வலிமையில் முதல் வகுப்பில் 72 விழுக்காடு வரை பயன்படுத்தலாம். இரண்டாம் வகுப்பில் 60, மூன்றாவதில் 50, நான்காவதில் 40 விழுக்காடு. முதல் வகுப்புக்கு 10 மில்லிமீட்டர் தடிமன் போதுமென்று போட்ட குழாய், அதே எஃகு அதே அழுத்தம் என்றால், மூன்றாம் வகுப்பில் 14.4 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் குழாய் தடிக்கப் போவதில்லை. ஆகவே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், அல்லது முறையாக அழுத்தச் சோதனை செய்து தாங்கும் என்று காட்ட வேண்டும், அல்லது அந்தத் துண்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வகுப்பு மாறியதிலிருந்து 24 மாதத்துக்குள் இதில் ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

இப்போது உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் போட்ட அன்று பட்டைக்குள் எட்டு வீடு. ஒருவர் மகன் கல்யாணத்துக்கென்று ஒரு வீடு கட்டுகிறார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இன்னொருவர் மாடி எழுப்புகிறார். புஞ்சையை மனை போட்டு விற்கிறார்கள். பதினைந்து ஆண்டில் நாற்பத்தாறாவது வீட்டுக்கு நிலைக்கால் வைக்கிறார் கொத்தனார். அந்த நிலைக்காலோடு உங்கள் காலடியில் ஓடும் எஃகு சட்டப்படி வேறு வகைக் குழாயாகிவிடுகிறது. கொத்தனாருக்கு அது தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. தெரிய வேண்டியவர் குழாய் நிறுவனத்துக்காரர், அவர் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவரிடம் அந்த வீட்டைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் படம்.

சேர்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் சான் புருனோ ஒரு பாடம், கொஞ்சம் கோணலான பாடம். 2010 செப்டம்பர் 9 மாலை, குடியிருப்புத் தெருவுக்கு அடியில் 1956இல் போட்ட 30 அங்குலக் குழாய் வெடித்தது. 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. வாயுவை நிறுத்தவே 95 நிமிடம் ஆயிற்று. வெடித்ததற்குக் காரணம் குழாயில் இருந்த மோசமான பற்றவைப்பு, அதாவது வெல்டிங். நிறுவனத்தின் ஆவணத்தில் அந்தத் துண்டு பற்றவைப்பே இல்லாத குழாய் என்று எழுதியிருந்தது. வானிலிருந்து எத்தனை படம் எடுத்திருந்தாலும் அந்தப் பற்றவைப்பு தெரிந்திருக்காது. ஆனால் விபத்துக்குப் பிறகு ஏடுகளைப் புரட்டத் தொடங்கியபோது வேறொரு பூதம் கிளம்பியது. 2011இல் அந்த பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் தன் குழாய்ப் பாதைகளின் வகுப்புகளை மறுபடி கணக்கிட்டபோது, பல நூறு மைலுக்கு ஏட்டில் இருந்த வகுப்பும் தரையில் இருந்த நிலைமையும் ஒத்துப்போகவில்லை. வீடுகள் யாருக்கும் ஒளிந்து கட்டப்பட்டவை அல்ல. பட்டப்பகலில், பல ஆண்டுகளாக எழுந்தவை. ஏட்டில் மட்டும் ஏறவில்லை. 2015 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் விதித்த 160 கோடி டாலர் தண்டத்துக்குப் பின்னால் சான் புருனோ வெடிப்போடு இந்த வகுப்புக் குளறுபடி வழக்கும் இருந்தது.

சரி, ட்ரோன் ஏன் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது? இது எளிய பெருக்கல் கணக்கு. 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் சாதாரண அளவைக் கேமரா ஒன்றில் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ 2.7 செ.மீ. படத்தின் அகலம் தரையில் 150 மீட்டர், பறக்கும் திசையில் 100 மீட்டர். ஒரு படத்தின் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வர வேண்டும், அப்போதுதான் கணினி இரண்டையும் பொருத்தி உயரத்தைக் கணக்கிட முடியும். ஆகவே 25 மீட்டருக்கு ஒரு படம். பக்கவாட்டிலும் அறுபது விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்றால் ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 60 மீட்டர்தான். 400 மீட்டர் பட்டையை மூட ஆறு தடம் வேண்டும். பத்து கிலோமீட்டருக்கு 2,400 படம். நீங்கள் பார்த்தது உழவு மாதிரி சால் சாலாகப் போய்த் திரும்பியதை.

படம் எடுப்பது எளிது, படிப்பதுதான் பாடு. உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கூரை. ஆஸ்பெஸ்டாஸ் போட்டது வீடா, மாட்டுக்கொட்டகையா? கணினியே கூரைகளை அடையாளம் கண்டுவிடும் என்கிறார்கள். கண்டுவிடுகிறது. கோழிப்பண்ணையையும் சேர்த்துக் கண்டு அறுபது பேர் குடியிருப்பதாகச் சொல்கிறது. நான் பார்ப்பது கூரையைவிடக் கூரையைச் சுற்றியுள்ளவற்றை. கருப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி மாடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தால் வீடு. வாசலில் மண் வெளுத்திருந்தால், அங்கிருந்து ரோட்டுக்கு ஒற்றையடித் தடம் போனால், ஆள் புழங்குகிறார்கள். கொடியில் துணி காய்ந்தால் அதற்குமேல் சாட்சி வேண்டாம். ஒரு முறை நீளமான தகரக் கொட்டகை ஒன்றை ஆடு அடைக்கும் இடம் என்று தள்ளிவிட்டேன். எதற்கும் போய்ப் பார்த்துவிடலாம் என்று போனால் உள்ளே முப்பது பிள்ளைகள் சம்மணம் போட்டு டியூஷன் படித்துக்கொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்த படத்தில் வாசலில் ஒரு செருப்புகூட இல்லை, மாலை ஐந்து மணிக்கு அறுபது. அந்த ஒற்றைக் கூரைக்காக அந்த ஒரு மைலின் கதையே மாறியது.

கூரையே இல்லாத இடத்தையும் சொல்ல வேண்டும். 2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் ஊர்ப் பக்கம், பெகோஸ் ஆற்றங்கரையில் முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த 12 பேர், அருகிலிருந்த 30 அங்குல எரிவாயுக் குழாய் வெடித்து இறந்தார்கள். வீடு எண்ணினால் அங்கே கணக்குக்கு எதுவும் தேறாது. ஆனால் வண்டித் தடமும் அடுப்பு மூட்டிய கரியும் வானிலிருந்து தெரிகிற சங்கதிகள்தான். அதன் பிறகு அங்கே விதி விரிந்தது. இருபது பேராவது ஆண்டில் ஐம்பது நாள் கூடும் திறந்தவெளியையும் தனியாகக் குறிக்க வேண்டும் என்றார்கள். குழாயின் விட்டத்தையும் அழுத்தத்தையும் வைத்து, வெடித்தால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்று வட்டம் போடும் சூத்திரமும் வந்தது. 30 அங்குலக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தம் என்றால் அந்த வட்டத்தின் ஆரம் 655 அடி, சுமார் 200 மீட்டர். உங்கள் பக்கத்தில் கருவேலங்காட்டுக்கு நடுவே குலதெய்வக் கோயில் இருக்குமே. கூரை ஆறடிக்கு ஆறடி, சிவராத்திரிக்கு ஊரே அங்கே இருக்கும். ஆண்டுக்கு ஐம்பது நாள் என்ற அமெரிக்கக் கணக்கில் அது வராது. படத்திலும் வராது. ஊர்க்காரரைக் கேட்டால் ஒரே நிமிடத்தில் வந்துவிடும்.

அளவெடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. கேமராவுக்கு நேர் கீழே உள்ள கட்டடம்தான் நேராகத் தெரியும், தள்ளி உள்ளவை வெளிப்பக்கம் சாய்ந்து தெரியும். 100 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தில், நடுவிலிருந்து 70 மீட்டர் தள்ளி 9 மீட்டர் உயர மாடி வீடு ஒன்று இருந்தால் அதன் மொட்டைமாடி ஆறு மீட்டருக்குமேல் நகர்ந்து விழும். சரியான உயரத் தரவு இல்லாமல் படத்தை நேர்செய்தால் அந்தச் சாய்வு அப்படியே தங்கிவிடும். குழாயிலிருந்து 197ஆவது மீட்டரில் நிற்கும் வீடு 203 என்று காட்டும், எண்ணிக்கையிலிருந்து நழுவும். அதனால் கூரை விளிம்பில் அளக்காமல் சுவரின் அடியில் அளக்க வேண்டும். சுவரடி தெரியாவிட்டால் பக்கத்துத் தடத்தில் எடுத்த படத்தைத் திறக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம் குழாய் எங்கே இருக்கிறது என்பதே. சிரிக்காதீர்கள். பழைய குழாய்களின் வரைபடங்கள் சங்கிலி பிடித்து அளந்த காலத்தவை. துல்லியமான படத்தின் மேல் அந்தக் கோட்டைப் போட்டால் குழாய் ஒருவர் வீட்டு அடுப்பங்கரை வழியாகப் போகும். தரையில் மார்க்கர் கற்கள் இருக்கும். சிலவற்றை வரப்பு வெட்டும்போது பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டிருப்பார்கள், சில மாட்டுக்குத் தறியாகியிருக்கும். ஆகவே படம் எடுக்கும் முன்பே கருவி வைத்துக் குழாயின் சமிக்ஞையைத் தேடி, உண்மையான கோட்டைத் தரையில் குறித்து, அந்தப் புள்ளிகளைப் படத்தோடு பிணைக்க வேண்டும். கோடு பிசகினால் அதை வைத்து அளக்கும் ஒவ்வொரு வீட்டின் தூரமும் பிசகிவிடும்.

உங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை சீமைக் கருவேலம். குழாய்ப் பாதையை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. அடியில் பள்ளம் அரித்திருக்கிறதா, குழாய் வெளியே தெரிகிறதா என்று சொல்ல முடியாது. லேசர் கதிரை அனுப்பி, இலை இடுக்கு வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்புவதை அளக்கும் கருவி இருக்கிறது. ஆனால் அதைப் பறக்கவிடும் செலவுக்கு ஆள் வைத்துக் காட்டையே வெட்டிவிடலாம் என்பது என் கருத்து. வெட்டத்தான் வேண்டும், ஏனென்றால் குழாய்ப் பாதையில் மரமே இருக்கக் கூடாது.

கசிவு தெரியுமா என்று பலரும் கேட்பார்கள். மீத்தேனுக்கு நிறமில்லை, சாதாரணக் கேமராவில் விழாது. அது உள்வாங்கும் அகச்சிவப்பு அலைநீளத்தில் பார்க்கும் கேமராவும், ஹெலிகாப்டரிலிருந்து லேசர் அடித்து அளக்கும் கருவியும் தனி. சாதாரணப் படத்தில் தெரிவது கசிவின் விளைவு. மண்ணுக்குள் வாயு பரவினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் பயிர் வாடும், பச்சைக்கு நடுவே பழுப்புத் திட்டு விழும். எனக்குக் கிடைத்த அழகான திட்டு ஒன்று குழாய்க் கோட்டுக்குச் சரியாக நடுவில், ஆறு மீட்டர் குறுக்களவில், அளந்து வைத்தது போல வட்டமாக இருந்தது. கருவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வெயிலில் ஓடினோம். வயலுக்குச் சொந்தக்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்: "போன வாரம் வரைக்கும் வைக்கோல்போர் இருந்த இடம் அது." அன்றிலிருந்து வட்டமாக இருந்தால் முதலில் வைக்கோல்போர் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை.

மெதுவாக மாறுகிறவற்றுக்குப் படம் நல்ல சாட்சி. வீடு, மரம், ஆற்றங்கரை அரிப்பு, குளத்து மண் எடுத்து எடுத்துக் குழாயை நெருங்கும் பள்ளம், எல்லாம் இரண்டு ஆண்டுப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் பளிச்சென்று தெரியும். வேகமாக நடப்பவை படத்துக்குத் தப்பிவிடும். செவ்வாய்க்கிழமை ஜேசிபி வந்து, புதன்கிழமை மூடிவிட்டுப் போனால், மாதத்துக்கு ஒரு முறை பறக்கும் ட்ரோனுக்கு என்ன தெரியும்? குழாய்க்குப் பெரிய எமன் அந்த ஜேசிபிதான். வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் 1994இல் ஒரு குடிநீர் நிலையப் பணியின்போது தோண்டும் இயந்திரம் பக்கத்துப் பெட்ரோல் குழாயைக் கீறியது. மேலே மண் மூடியது. ஐந்து ஆண்டு கழித்து, 1999 ஜூன் 10 அன்று, அந்தக் குழாய் பிளந்து 2,37,000 கேலன் பெட்ரோல் ஓடையில் இறங்கித் தீப்பிடித்தது. இரண்டு சிறுவர்களும் ஓர் இளைஞரும் இறந்தார்கள். தோண்டுவதை அன்றே பிடிக்க வேண்டுமென்றால் நடந்து போகிற ஆள் வேண்டும், அல்லது குழாயோடு புதைத்த கண்ணாடி இழையில் அதிர்வைக் கேட்கும் கருவி வேண்டும். நம் ஊரில் லைன் வாக்கர் என்று சொல்வார்களே, கையில் ஜிபிஎஸ் கருவியோடு குழாய்ப் பாதையில் நடந்துகொண்டே இருப்பவர். என்னைக் கேட்டால் அவருக்குச் சம்பளத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் ட்ரோன் வாங்கலாம்.

விதியும் படம் ஒன்றே போதும் என்று சொல்லவில்லை. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் போகும் குழாய்ப் பாதையை ஆண்டுக்கு 26 முறையாவது, மூன்று வாரத்துக்குமேல் இடைவெளி விடாமல் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. எரிவாயுக் குழாய்க்கு வகுப்பையும் இடத்தையும் பொறுத்து ஆண்டுக்கு ஒன்றிலிருந்து நான்கு முறை. நடந்தோ, வண்டியிலோ, பறந்தோ பார்க்கலாம். அங்கே நெடுங்காலமாகவே சிறு விமானத்தில் தாழப் பறந்து கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதும் ரோந்து உண்டு. மேலிருந்து படிக்க வசதியாக மைல் எண்ணைப் பெரிய பலகையில் எழுதி வானத்தைப் பார்க்கச் சாய்த்து நட்டிருப்பார்கள். ட்ரோன் இதில் புது வரவு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கடலுக்கு மேல் அல்லாமல் நிலத்துக்கு மேல் வணிக நோக்கில் ட்ரோன் பறக்க முதன்முதலில் 2014 ஜூனில் அனுமதித்தபோது, அந்த முதல் வேலையே அலாஸ்காவின் புருதோ வளைகுடாவில் எண்ணெய் வயலின் குழாய்களையும் சாலைகளையும் பார்ப்பதுதான்.

நம் நாட்டில் ட்ரோனுக்கு வேறொரு வேலையும் கிடைத்தது: திருடனைப் பிடிப்பது. எண்ணெய்க் குழாயில் துளை போட்டு வால்வு வைத்து இரவோடு இரவாக டீசல் இறக்குகிறவர்கள் வடக்கே அதிகம். இந்தியன் ஆயில் நிறுவனம் டெல்லி-பானிபட் பகுதிக் குழாய் மேல் ட்ரோன் பறக்கவிட்டு அப்படி ஒரு முயற்சியை 2021இல் தடுத்ததாகச் சொன்னது. கெயில் நிறுவனமோ இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தோடு சேர்ந்து செயற்கைக்கோள் படத்தில் குழாய்ப் பாதையைப் பார்க்கிறது. 2019 நவம்பரில் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-3இன் கருப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளி தரையில் 25 செ.மீ. புது வீடு எழுந்திருப்பது தெரிய அது தாராளம். கொடியில் காயும் துணி தெரியாது.

இப்போது நடவடிக்கை வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். இது குழாய் பதிக்க நிலத்தில் உரிமை எடுப்பதற்கான 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தது. குழாய் பதிக்க உங்கள் நிலத்தை அவர்கள் வாங்கவில்லை. அதில் பயன்பாட்டு உரிமையைத்தான் எடுத்தார்கள். நிலம் உங்களுடையது, பட்டா உங்களுடையது. அதற்கு ஈடாக அறிவிக்கை நாளின் சந்தை மதிப்பில் பத்து விழுக்காடும், பயிர்ச் சேதத்துக்குத் தனியாகவும் கொடுத்திருப்பார்கள். பத்து விழுக்காடு நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் விவசாயி மகன். மேலே முன்போலப் பயிர் செய்யலாம். ஆனால் அந்தக் குறுகிய பட்டைக்குள் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. இதை மீறியிருந்தால் படத்தில் நிச்சயம் தெரியும், நோட்டீஸும் வரும்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள், சில நேரம் குழாய்க்காரர்களே குழப்புகிறார்கள். கட்டக் கூடாது என்பது பயன்பாட்டு உரிமை எடுத்த அந்தச் சில மீட்டர் பட்டைக்குள் மட்டும். வீடு எண்ணும் 400 மீட்டர் பட்டை வேறு. அதற்குள் நீங்கள் வீடு கட்டுவதை இந்த 1962ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்காது. உங்கள் வீட்டால் வகுப்பு ஏறினால் அதற்கேற்பக் குழாயையும் அழுத்தத்தையும் சரிசெய்ய வேண்டியது அவர்கள் பொறுப்பு. குழாயிலிருந்து 150 மீட்டர் தள்ளி அஸ்திவாரம் போட்டவரிடம் வந்து யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுப் பெண்கள் குளிக்கிற இடம், புழங்குகிற இடமெல்லாம் படத்தில் வருமே என்ற கவலை நியாயமானது. கேமராவைச் செங்குத்தாகக் கீழே பார்க்க வைத்து 100 மீட்டரிலிருந்து எடுத்தால் ஓர் ஆளின் தோள் அகலம் பதினாறு பதினேழு புள்ளிதான். தலையுச்சி தெரியும், முகம் தெரியாது. கேமராவைச் சாய்த்துத் தாழப் பறந்தால் கதை வேறு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குப் பதிவு எண் உண்டு, வணிக வேலைக்கு இயக்குகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். வரைபடத்தில் தடையில்லாப் பகுதியாகக் குறித்த பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். பொதுவாக ட்ரோன் இயக்குகிறவரின் கண்பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும், ஆகவே அவர் உங்கள் வயல் பக்கத்தில்தான் எங்காவது நின்றிருப்பார். போய்ப் பதிவு எண்ணையும் சான்றிதழையும் கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்காக வேலை செய்கிறவர் காட்டிவிட்டுப் போவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். படத்துக்குச் சிக்காத ஆபத்துதான் இங்கே அதிகம் கொன்றிருக்கிறது. 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவில் நகரம் என்ற பெயர் கொண்ட கிராமத்தில் 18 அங்குலக் குழாய் வெடித்து இருபது பேருக்குமேல் மாண்டார்கள். ஈரம் நீக்கிய வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயு ஓடி, உள்ளிருந்தே அரித்துவிட்டது. உள்ளரிப்பைப் பார்க்கக் குழாய்க்குள்ளேயே கருவியை ஓடவிட வேண்டும். வாயு நாற்றம் வருகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்கு எந்தக் கேமராவும் தேவைப்படவில்லை.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது படத்தை அல்ல. பொதுத்துறை நிறுவனத்தின் குழாய் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம். படத்தைக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. இப்படிக் கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பகுதியில், மார்க்கர் கல்லில் எழுதியிருக்கும் இந்தக் கிலோமீட்டரிலிருந்து இந்தக் கிலோமீட்டர் வரை, குழாய் இப்போது எந்த வகுப்பு, கடைசியாக எந்தத் தேதியில் வீடு எண்ணினீர்கள், எத்தனை வந்தது? நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து எண்ணி வைத்துக்கொண்டு அப்புறம் மனுவை அனுப்புங்கள். டியூஷன் நடக்கும் கொட்டகையை விட்டுவிடாதீர்கள்.